மெதுவாக ஓடும் கார் ஸ்கேனர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். இப்போதெல்லாம் காரோடு சேர்த்து, கார் கம்ப்யூட்டர்களிடம் பழுதைக் கேட்டுச் சொல்லும் ஸ்கேனரையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், "ரொம்ப ஸ்லோ அண்ணே" என்பதுதான் முதல் பேச்சு. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன். காரின் ஓபிடி போர்ட்டில் (சுய பரிசோதனைக்கான சாக்கெட்) செருகிப் போனோடு இணைக்கும் இருபது வெள்ளி டாங்கிளிலிருந்து வொர்க்‌ஷாப்பில் வைத்திருக்கும் டேப்லெட் ஸ்கேனர் வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஸ்கேனர் ஸ்லோவாக இருக்கிறது, புதுசு வாங்கிவிடலாமா?

இப்போதே வேண்டாம். "ஸ்லோ" என்று நீங்கள் சொல்வது நான்கு வேறு விஷயங்களாக இருக்கலாம். போர்ட்டில் செருகிய பிறகு காரோடு இணைவதற்கே நேரம் ஆகிறதா? இணைந்துவிட்டது, ஆனால் முழுக் காரையும் ஸ்கேன் செய்து முடிக்கக் கால் மணி நேரம் ஓடுகிறதா? ஆர்பிஎம், கூலன்ட் சூடு போன்ற லைவ் எண்கள் திக்கித் திக்கி மாறுகின்றனவா? இல்லை, காரில் செருகாதபோதே மெனு திறக்க இழுக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

கைபேசியில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு நான்கையும் தனித்தனியாக அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அதே ஸ்கேனரை நண்பரின் காரில் போட்டு அளங்கள், உங்கள் காரில் இன்னொரு போனையோ இன்னொரு டாங்கிளையோ வைத்து அளங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், அதுதான் முக்கியம். எதை மாற்றியதும் வேகம் மாறியதோ பழுது அங்கே இருக்கிறது. இதற்கு அரை மணி நேரம்தான் ஆகும், ஆனால் என்னிடம் வருகிறவர்களில் இதைச் செய்துவிட்டு வருகிறவர் மிகக் குறைவு.

எவ்வளவு வேகம் இருந்தால் நார்மல்?

அதைத் தீர்மானிப்பது முதலில் கார், அப்புறம்தான் ஸ்கேனர். எல்லா ஓபிடி போர்ட்டும் ஒரே மாதிரி 16 பின்னோடு இருப்பதால் உள்ளே ஓடுவதும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். பழைய கார்கள் பலவற்றில் 7-ஆம் பின்னில் கே-லைன் என்ற ஒற்றை வயர் வழியாகப் பேச்சு நடக்கும், அதன் வேகம் நொடிக்கு 10,400 பிட். புதிய கார்களில் 6, 14 ஆகிய இரண்டு பின்களில் கேன் பஸ் (கார் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் இரட்டை வயர் இணைப்பு) ஓடும், அது பெரும்பாலும் நொடிக்கு 5 லட்சம் பிட். கிட்டத்தட்ட 50 மடங்கு வித்தியாசம். கே-லைனில் ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் கட்டாய இடைவெளிகளும் உண்டு. அதனால் நொடிக்கு ஐந்தாறு ரீடிங் கிடைத்தாலே அது நல்ல ஸ்கேனர். எத்தனை ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கினாலும் அதைப் பெரிதாகத் தாண்ட முடியாது.

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து ஓபிடி-2 கட்டாயம், 2008 மாடலிலிருந்து கேன் கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் ஓபிடி கட்டாயமானது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய சிஓஇ சான்றிதழ் பத்து வருடம்தான் என்பதால் சாலையில் ஓடும் கார்களில் மிகப் பெரும்பாலானவை கேன் கார்கள்தான். ஆனால் சிஓஇ புதுப்பித்து ஓட்டுகிற பழைய கார் என்றால் கே-லைன் இருக்கலாம். போர்ட்டை டார்ச் அடித்துப் பாருங்கள், 6, 14 ஆகிய இடங்களில் உலோகமே இல்லாமல் 7-இல் மட்டும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

இன்னொரு வகையும் இங்கே நிறைய உண்டு. பேரலல் இம்போர்ட்டில், அதாவது கம்பெனியின் அதிகாரபூர்வ டீலர் அல்லாத இறக்குமதியாளர் வழியாக வந்த ஜப்பான் உள்நாட்டு மாடல்கள். அவற்றில் பழையவை சிலவற்றில் போர்ட் பார்க்க அச்சாக ஓபிடி-2 மாதிரியே இருக்கும், உள்ளே கம்பெனியின் சொந்த மொழி. பொதுவான ஆப் அதில் ஒவ்வொரு புரோட்டோகாலாக (பேச்சு மொழியாக) தட்டிப் பார்த்து, பாதி பதிலோ பதிலே இல்லாமலோ நிற்கும். அந்தப் பிராண்டைத் தெரிந்த மென்பொருள்தான் வேண்டும்.

இணைவதற்கே ஒரு நிமிடம் ஆகிறது. ஏன்?

பெரும்பாலும் புரோட்டோகால் தேடல். "ஆட்டோ" என்று விட்டிருந்தால் கருவி ஒவ்வொரு மொழியிலும் காரைக் கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, இல்லையென்று தெரிந்த பிறகே அடுத்ததற்குப் போகும். இதில் பழைய ஐஎஸ்ஓ 9141 வகையை எழுப்ப 5 பாட் என்ற ஆமை வேகத்தில் ஒரு முகவரியை அனுப்ப வேண்டும். ஒரு பிட்டுக்கு 200 மில்லிசெகண்ட், பத்து பிட், ஆக இரண்டு நொடி அங்கேயே போய்விடும். உங்கள் கார் எது என்று தெரிந்துவிட்டால் ஆப்பின் செட்டிங்கில் அதையே நிரந்தரமாக வைத்துவிடுங்கள். ஈஎல்எம்327 (பல டாங்கிள்களுக்குள் இருக்கும் சிப்) வகை டாங்கிளில் இன்றைய கார்கள் பலவற்றுக்கு "ஏடி எஸ்பி 6" என்ற கமாண்ட் போதும், அதாவது 11 பிட் முகவரி, நொடிக்கு 500 கிலோபிட் வேகக் கேன். ஒரு முறை செய்தால் போதும், இந்த ஒரு மாற்றத்திலேயே பலருக்குப் பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

இரண்டாவது காரணம் சாவி. புஷ் பட்டன் காரில் பிரேக்கை மிதிக்காமல் ஒரு முறை அழுத்தினால் பல கார்களில் ஏசிசி மட்டும்தான் வரும், ரேடியோ பாடும், இஞ்சின் கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டாவது முறை அழுத்தி டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். ஹைபிரிட் என்றால் பிரேக்கை மிதித்து ரெடி நிலைக்கே கொண்டுபோய்விடுங்கள்.

மூன்றாவது, சில ஆப்கள் இணைந்தவுடன் இந்த சென்சார் உண்டா, அந்த சென்சார் உண்டா என்று நீளப் பட்டியலைக் காரிடம் கேட்கும். காரின் புரொஃபைலைச் சேமித்து வைத்தால் அடுத்த முறை அது குறையும்.

லைவ் டேட்டா தாமதமாக வருகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து இரண்டு நொடி கழித்துத்தான் ஆர்பிஎம் ஏறுகிறது.

திரையில் எண்களைக் காட்டும் மீட்டர்கள் எத்தனை வைத்திருக்கிறீர்கள்? சாதாரணமாகக் கருவி ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகக் கேட்கிறது. நொடிக்குப் பத்து கேள்வி கேட்க முடிகிற இணைப்பில் இருபது மீட்டர் வைத்தால் ஒவ்வொன்றும் இரண்டு நொடிக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும். கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது. கூலன்ட் சூடு நொடிக்கு நொடி மாறாது, அதை எடுத்துவிடுங்கள் அல்லது மெதுவான பட்டியலில் போடுங்கள். தேடுகிற பழுதுக்கு வேண்டிய மூன்று நான்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிஸ்ஃபயர் தேடும்போது பெட்ரோல் டாங்க் அளவு எதற்கு?

கேன் கார்களில் ஒரே கேள்வியில் ஆறு எண்கள் வரை சேர்த்துக் கேட்கலாம், அதற்கான தேர்வு உங்கள் ஆப்பில் இருந்தால் ஆன் செய்து பாருங்கள். எண்கள் குழம்பினால் ஆஃப் செய்துவிடுங்கள், சில கார்களும் பல மலிவு டாங்கிள்களும் அதைத் தாங்குவதில்லை. இன்னொன்று காத்திருப்பு நேரம். ஈஎல்எம்327 சிப் ஒரு பதில் வந்த பிறகும் இன்னொரு கம்ப்யூட்டர் பதில் சொல்லுமோ என்று சற்றுக் காத்திருக்கும், ஆரம்ப அமைப்பில் அந்த எல்லை சுமார் 200 மில்லிசெகண்ட். அடாப்டிவ் டைமிங் ஆன் ஆக இருந்தால் காரின் வேகத்தைப் பார்த்து அதுவே குறைத்துக்கொள்ளும். கையால் குறைப்பதென்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், அளவுக்கு மீறினால் "நோ டேட்டா" வர ஆரம்பிக்கும்.

ஓட்டும்போது பார்க்க வேண்டிய டேட்டா என்றால் பக்கத்து சீட்டில் ஒருவரை உட்காரவைத்துப் போனை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் பிடித்துக்கொண்டு ஓட்டுவது சட்டப்படியும் குற்றம்.

என் டாங்கிளில் "வெர்ஷன் 1.5" என்று போட்டிருக்கிறது. அது நல்லதா?

ஈஎல்எம்327 சிப்பைச் செய்தது கனடாவைச் சேர்ந்த ஈஎல்எம் எலக்ட்ரானிக்ஸ், 2022-இல் மூடப்பட்டுவிட்டது. அவர்கள் 1.5 என்று ஒரு பதிப்பு வெளியிட்டதே இல்லை. முதல் பதிப்பில் நகல் தடுப்பு போடாமல் விட்டதால் அதை நகல் எடுத்தார்கள், அந்த நகல்களுக்கு அப்புறம் அவரவர் விருப்பப்படி எண் போட்டார்கள். ஆக, எண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எல்லா நகலும் குப்பை என்று சொல்லவில்லை, பழுதைக் குறிக்கும் எண்ணான கோட் படித்து அழிக்க நன்றாகவே உதவும் நகல்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பலவற்றில் சில கமாண்டுகள் வேலை செய்யாது, நீளமான பதிலில் தடுமாறும். எளிய சோதனை: காரின் விஐஎன் எண்ணை (அந்தக் காருக்கே உரிய அடையாள எண்) ஐந்து முறை படிக்கச் சொல்லுங்கள். அது 17 எழுத்து, கேனில் ஒரே ஃபிரேமில் அடங்காமல் துண்டு துண்டாக வரும். ஐந்து முறையும் உடனே, முழுசாக வந்தால் டாங்கிள் பரவாயில்லை. பாதியில் நின்றால், அந்த டாங்கிளில் செட்டிங் மாற்றி மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வைஃபை டாங்கிள் ஐபோனில் விட்டு விட்டு வேலை செய்கிறது.

டாங்கிளின் வைஃபையில் இன்டர்நெட் கிடையாது. போன் அதைக் கண்டுபிடித்ததும் மொபைல் டேட்டாவுக்கோ வேறு வைஃபைக்கோ தாவப் பார்க்கும். ஸ்கேன் செய்யும் நேரம் மட்டும் மொபைல் டேட்டாவை அணைத்துப் பாருங்கள். ஆப்பில் முகவரி பெரும்பாலும் 192.168.0.10, போர்ட் 35000. ஐபோனுக்குப் புதிதாக வாங்குவதென்றால் ப்ளூடூத் எல்ஈ டாங்கிளாகப் பாருங்கள், பழைய வகை ப்ளூடூத் டாங்கிள்கள் பெரும்பாலும் ஐபோனோடு பேசாது.

ஆண்ட்ராய்டில் ப்ளூடூத் என்றால் அதே நேரத்தில் காரின் ஸ்பீக்கரில் பாட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பங்கு போடுகின்றன. பாட்டை நிறுத்துங்கள். பேட்டரி சேவரையும் அணையுங்கள், அது பின்னணியில் ஆப்பை நெரித்துவிடும்.

யுஎஸ்பி கேபிளும் லேப்டாப்பும் வைத்திருக்கிறேன். வயர்தானே, அதிலும் ஏன் தாமதம்?

இதற்கு அழகான ஒரு தீர்வு இருக்கிறது. பல கேபிள்களுக்குள் டேட்டாவை யுஎஸ்பிக்கு மாற்றும் எஃப்டிடிஐ சிப் இருக்கும். அது சின்னச் சின்னப் பதில்களை உடனே அனுப்பாமல், சேர்த்து அனுப்பலாம் என்று 16 மில்லிசெகண்ட் வரை பிடித்து வைத்துக்கொள்ளும். கார் டயக்னாஸ்டிக் முழுக்கச் சின்னச் சின்னப் பதில்கள்தான், ஆயிரக்கணக்கில் வரும், ஒவ்வொன்றிலும் 16 போனால் கூட்டிப் பாருங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், அதில் போர்ட்ஸ், உங்கள் காம் போர்ட், அதன் அட்வான்ஸ்டு பக்கம் போய் லேட்டன்சி டைமரை 1 ஆக்குங்கள். பழைய ஐரோப்பிய கார்களின் மென்பொருளில் இதைச் செய்யாவிட்டால் மெதுவாக இருப்பது மட்டுமல்ல, சில நேரம் இணையவே இணையாது.

பழைய மென்பொருளை வர்ச்சுவல் மெஷினுக்குள் ஓட்டுகிறவர்கள் அதையும் சந்தேகியுங்கள், யுஎஸ்பி இரண்டு அடுக்கைத் தாண்டிப் போகிறது. பிஎம்டபிள்யூவின் எஃப் வரிசை கார்களுக்கு ஈதர்நெட் வழியாகப் பேசும் ஈநெட் கேபிள் உண்டு. அந்தக் கார்களில் பழைய கேபிளோடு போராடுவதைவிட அதற்கு மாறுவது எவ்வளவோ மேல்.

டேப்லெட் ஸ்கேனர் மெனுவிலேயே இழுக்கிறது.

காரில் செருகாமலே இழுத்தால் அது டேப்லெட் பிரச்சினை. முதலில் சேமிப்பு இடம். ஓட்டாத பிராண்டுகளின் மென்பொருளெல்லாம் உள்ளே குவிந்து கிடக்கும், உங்களிடம் வராத கார்களுடையதை அழியுங்கள். பழைய ரிப்போர்ட், ஸ்கிரீன் ரெக்கார்டிங், டேட்டா லாக் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு அழியுங்கள். மெமரி கார்டு போட்டு ஓடும் வகை என்றால் மலிவான கார்டே பிரேக் பிடிக்கும், நல்ல கார்டுக்கு நகலெடுத்துப் பாருங்கள்.

அப்புறம் சூடு. இதை இங்கே யாரும் யோசிப்பதே இல்லை. திறந்தவெளி கார்ப்பார்க்கில் மதியம் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் டேப்லெட்டை வைத்துவிட்டு "நேற்று நன்றாக ஓடியது" என்பார்கள். எந்தப் பிராசஸரும் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். ஏசியைப் போட்டு, டேப்லெட்டை நிழலில் வைத்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் அளங்கள். சார்ஜ் ஏறிக்கொண்டே வேலை செய்தால் இன்னும் சூடாகும்.

முழு ஸ்கேன் மட்டும்தான் ஸ்லோ. மற்றதெல்லாம் சரி.

புதிய கார் ஒன்றில் முப்பது, நாற்பது, சொகுசு காரில் அதற்கும் மேல் கம்ப்யூட்டர்கள். ஸ்கேனருக்கு உங்கள் காரில் எது இருக்கிறது என்று தெரியாவிட்டால், அந்த மாடலில் இருக்கக்கூடிய எல்லாவற்றையும் கூப்பிடும். உங்கள் காரில் இல்லாத சன்ரூஃப், இல்லாத டிரெய்லர் கன்ட்ரோல் எல்லாம் பதில் சொல்லாது, ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து இரண்டு மூன்று தடவை திரும்பக் கேட்டு அப்புறம்தான் விடும். பதில் சொல்கிற கம்ப்யூட்டரைவிட இல்லாத கம்ப்யூட்டர்தான் நேரத்தைத் தின்கிறது. விஐஎன் மூலம் காரைத் தேர்ந்தெடுங்கள், வருடத்தையும் மாடலையும் தோராயமாகக் கொடுக்காதீர்கள். சில பிராண்டுகளில் காரின் கேட்வேயே (கம்ப்யூட்டர்களை இணைக்கும் நடு கம்ப்யூட்டர்) தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை வைத்திருக்கும், அதைப் படிக்கும் ஸ்கேனர் பாதி நேரத்தை மிச்சம் பிடிக்கும்.

இருக்க வேண்டிய கம்ப்யூட்டர் பதில் சொல்லாமல் போனால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி.

பேட்டரிக்கும் ஸ்கேனர் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். போர்ட்டின் 16-ஆம் பின்னிலிருந்துதான் ஸ்கேனருக்கும் மின்சாரம் வருகிறது, கார் கம்ப்யூட்டர்களும் அதே பேட்டரியில்தான் ஓடுகின்றன. நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், இஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.8-லிருந்து 14.4 வரை. இக்னிஷன் ஆன் செய்து இஞ்சினை ஓடவிடாமல் உட்கார்ந்தால் வோல்டேஜ் இறங்கிக்கொண்டே வரும். 12-க்குக் கீழே போகப் போகச் சில கம்ப்யூட்டர்கள் பதில் சொல்வதை நிறுத்தும், சில தங்களைத் தாங்களே ரீசெட் செய்துகொள்ளும், ஸ்கேனர் திரும்பத் திரும்பக் கேட்கும்.

ஒருவர் குடும்பக் கல்யாணத்துக்காக மூன்று வாரம் சென்னைக்குப் போயிருந்தார், கார் வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) பலமாடி கார்ப்பார்க்கில் நின்றது. திரும்பி வந்து ஸ்கேன் செய்தால் கம்யூனிகேஷன் பழுதுக் கோடுகள் வரிசை கட்டி நின்றன. ஸ்கேனர் கெட்டுப்போச்சு என்று முடிவு செய்து என்னிடம் கொண்டுவந்தார். மீட்டரை வைத்துப் பார்த்தால் இக்னிஷன் ஆனில் 11.6. சார்ஜர் போட்டு, கோடுகளை அழித்து மீண்டும் ஸ்கேன் செய்தோம், பாதி நேரத்தில் முடிந்தது, கோடுகளும் திரும்பவில்லை. அவர் ஸ்கேனரில் எந்தக் குறையும் இல்லை.

வீட்டருகே கார்ப்பார்க்கில் சார்ஜருக்குப் பிளக் கிடைக்காது என்பது தெரியும். நிறுத்திய காரில் இஞ்சினை ஓடவிட்டு வைப்பதற்கு இங்கே அபராதமும் உண்டு. அதனால் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து உடனே ஸ்கேன் செய்யுங்கள், ஹெட்லைட், ஏசி விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு. கோடிங், புரோகிராமிங் மட்டும் சார்ஜர் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். நடுவில் வோல்டேஜ் விழுந்தால் அந்தக் கம்ப்யூட்டரே போய்விடலாம்.

போர்ட்டில் ஏற்கெனவே ஒரு ஹெட்அப் டிஸ்ப்ளே செருகியிருக்கிறேன், ஸ்பிளிட்டர் போட்டிருக்கிறேன். பரவாயில்லையா?

கழற்றுங்கள். அந்த டிஸ்ப்ளேயும் காரிடம் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் ஒருவருடைய பதிலை மற்றவர் எடுத்துக்கொண்டு குழம்புவார். மலிவான நீள எக்ஸ்டென்ஷன் கேபிள்களும் சிக்னலைக் கெடுக்கும். நேராகப் போர்ட்டில் செருகிச் சோதித்த பிறகுதான் மற்றவை.

இஆர்பி 2.0-க்காகப் பொருத்திய ஓபியு காரணமா என்றும் அடிக்கடி கேட்கிறார்கள், பெயர் ஒரே மாதிரி இருப்பதால் வரும் குழப்பம். ஓபியு என்பது சாலைக் கட்டணக் கருவி, ஓபிடி என்பது காரின் சுய பரிசோதனை. ஓபியுவைக் கழற்றவோ அதன் வயரைத் தொடவோ கூடாது.

போர்ட் சரியாக இருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். சிம் லிம் டவரில் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் கான்டாக்ட் கிளீனரும் வாங்கிக்கொள்ளுங்கள். 16-க்கும் 4-க்கும் நடுவில் அளந்தால் பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும், 16-க்கும் 5-க்கும் நடுவிலும் அதே. ஒன்றில் மட்டும் குறைந்தால் கிரவுண்ட் கோளாறு. வோல்டேஜே இல்லையென்றால் ஃபியூஸ். பல கார்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் இதுவும் ஒரே ஃபியூஸில் இருக்கும்.

கேன் காரில் எல்லாவற்றையும் அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, 6-க்கும் 14-க்கும் நடுவில் ஓம் அளங்கள். பஸ்ஸின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருப்பதால் சேர்ந்து 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் எங்கோ ஷார்ட். கேட்வே உள்ள கார்களில் இந்தக் கணக்கு மாறலாம், அதனால் அந்தக் காரின் வயரிங் படத்தைப் பார்க்காமல் எதையும் பிரிக்க வேண்டாம். மீட்டர் முனையைப் பின்னுக்குள் திணிக்காதீர்கள், துளை அகன்றுவிடும். அகன்ற பின்னில் ஸ்கேனர் தொட்டும் தொடாமலும் நிற்கும், கையால் பிளக்கை அசைத்தால் இணைப்பு போய் வரும். நம் ஊர் ஈரத்துக்குப் பச்சை பிடித்த பின்களையும் பார்த்திருக்கிறேன், கிளீனர் அடித்துக் காயவிட்டால் போதும்.

அப்டேட் செய்தால் வேகமாகுமா?

சில நேரம். வேலை நடுவில் செய்யாதீர்கள், வீட்டு வைஃபையில் முழுச் சார்ஜோடு செய்யுங்கள். நகல் டாங்கிளுக்கு அப்டேட் என்று யாராவது ஃபைல் கொடுத்தால் தொடவே வேண்டாம்.

நண்பர் காரில் பறக்கிறது, என் காரில் மட்டும் ஊர்கிறது. பேட்டரி, போர்ட் எல்லாம் சரி.

அப்படியானால் உங்கள் காரைப் பற்றி ஸ்கேனர் உங்களுக்கு எதையோ சொல்கிறது. யூ என்று தொடங்கும் கோடுகள் இருக்கின்றனவா பாருங்கள், அவை கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான பேச்சுப் பழுதுகள். தண்ணீர் புகுந்த ஒரு மாட்யூல், வெளிக் கடையில் போட்ட அலாரம் அல்லது ரேடியோ கேன் வயரில் ஒட்டிக்கொண்டிருப்பது, இப்படி ஏதாவது பஸ்ஸில் இரைச்சல் போட்டுக்கொண்டிருக்கலாம். பின்னாளில் சேர்த்த ஆக்சசரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஸ்கேன் நேரத்தை அளங்கள். பிடிபடவில்லை என்றால் சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் போங்கள், நீங்கள் எழுதி வைத்த நேரங்களையும் கையோடு கொண்டுபோங்கள், அந்தத் தாள் அவருக்கு அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

சரி, எப்போதுதான் புதுசு வாங்குவது?

உங்கள் கார் கேன், பேட்டரி நன்றாக இருக்கிறது, போர்ட்டில் 60 ஓம், இன்னொருவரின் கருவி அதே காரில் இரண்டு நிமிடத்தில் முடிக்கிறதை உங்களுடையது பத்து நிமிடம் இழுக்கிறது, இடத்தைக் காலி செய்தும் மாறவில்லை. அப்போது வாங்குங்கள். வாங்கும் முன் கடைக்காரரிடம் சொல்லி உங்கள் காரிலேயே செருகி, ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு முழு ஸ்கேன் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.